சேலத்தில் பி.ஏ. படித்துக்கொண்டே பண்டைய கிரேக்க இலக்கிய ஆய்வாளர் ஆக முடியுமா?

முடியும். ஆனால் பட்டத்தைவிட மொழிதான் முதல் தடை. ஆய்வுப் படிப்புக்குத் தேர்வு செய்பவர்கள் முதலில் பார்ப்பது, மூலத்தை நேரடியாக வாசிக்க வருமா என்பதைத்தான்.

பண்டைய ஏதென்ஸ் வட்டார வழக்கான அட்டிக் கிரேக்கத்தில் தொடங்குங்கள். காவியக் கவி ஹோமரின் நடை வேறு, அது பிறகு. வேற்றுமை 5தான். எட்டு வேற்றுமை படித்த நமக்கு அது பெரிய மலையில்லை. இடறுவது பால்: மேசைக்கு 'த்ராபெசா', அது பெண்பால்! நம் அஃறிணை அங்கே உதவாது. அடுத்தது வினை. ஒவ்வொன்றுக்கும் 6 வரை அடிப்படை வடிவங்கள் உண்டு. 'ஃபெரோ' (சுமக்கிறேன்) எதிர்காலத்தில் 'ஓய்சோ', இறந்தகாலத்தில் 'ஏனெங்கா'. வேர்களே வேறு. முதல் வடிவத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் அகராதியில் தேடித் தேடியே சலித்துப்போவார்.

ஏற்காட்டில் இருந்தாலும் இணையம் போதும். பெர்சியஸ் மின்நூலகத்தில் மூலமும் அகராதியும் இலவசம். தினம் 10 வரி, சொல்லுக்குச் சொல் இலக்கணம் பிரித்து எழுதுங்கள். மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் புரிந்தது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

பிறகு லத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு வாசிப்பறிவும் வேண்டும். பழைய ஆய்வுகள் பல அவற்றில்தான் உள்ளன. அமெரிக்க முனைவர் படிப்பு பெரும்பாலும் 5 முதல் 7 ஆண்டு. நிரந்தர ஆசிரியப் பணிகள் குறைவு; நிதியுதவி இல்லாத இடத்துக்குக் கடன் வாங்கிப் போகாதீர்கள்.