தாய்க்கு மடிநோய் வந்தால் கிடேரியை விற்றுவிட வேண்டுமா?

கேள்வி: என் ஜெர்சி கலப்பினப் பசுவுக்கு இந்த ஈற்றில் மூன்று முறை மடிநோய். "இது வம்சத்தில் வருவது, ஐந்து மாதக் கிடேரியையும் சேர்த்துத் தள்ளிவிடுங்கள்" என்கிறார் தரகர். மடிநோயே வராத காளையின் சினை ஊசி தன்னிடம் இருக்கிறதாம். நம்பலாமா?

பதில்: கிடேரியைக் கொடுக்காதீர்கள். ஒரு பசுவுக்கு மடிநோய் வருவதும் இன்னொன்றுக்கு வராததும் பிறப்பால் அமைவது பெரும்பாலும் நூற்றில் ஐந்து பங்குக்குள்தான். மீதியெல்லாம் கொட்டகைத் தரை, கறப்பவர் கை, ஈரக் காம்பு. 'வம்ச நோய்' என்று மட்டமான விலைக்கு வாங்கும் கிடேரியை அடுத்த சந்தையில் 'நல்ல கறவை வம்சம்' என்று விற்பார்கள்.

மகள்களுக்கு மடிநோயே வராத காளை உலகில் எங்கும் இல்லை. நார்வேயில் 1975 முதல் மாட்டுக்கு மாடு சிகிச்சையை அட்டையில் எழுதி, எந்தக் காளையின் மகள்களுக்கு நோய் குறைவு என்று பார்த்துத் தேர்ந்தார்கள். இங்கே மடிநோய்க்கு ஊசி போட்டதை யார் எழுதுகிறார்கள்? பதிவே இல்லாதபோது காளைக்கு மதிப்பெண் வானத்திலிருந்தா வரும்? பிரான்சில் லாக்கோன் என்னும் பால் கறக்கும் செம்மறி ஆட்டினத்தில், மடி அழற்சியைக் கூட்டும் ஒரு மரபணு மாற்றத்தை 2015-இல் கண்டார்கள். அதே மாற்றம் பாலையும் உடல் எடையையும் கூட்டுகிறது. பாலை மட்டும் பார்த்துத் தேர்ந்தால் நோயும் ஒட்டிக்கொண்டு வரும். தரகரிடம் உறைவிந்துக் குச்சியில் அச்சிட்ட காளை எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

ஒன்று மட்டும் விலக்கு: மடியின் அமைப்பு. இது நோயைப் போலன்றி நன்றாகவே வம்சத்தில் இறங்கும். பசுவின் பின்னால் நின்று பாருங்கள். மடியின் அடி பின்னங்கால் முட்டிக்குக் கீழே தொங்கினால் சாணமும் சேறும் காம்பில் படும், நடக்கையில் காம்பு மிதிபடும். ஆனால் நான்காம் ஈற்றில் எந்த மடியும் கொஞ்சம் இறங்கும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முதல் ஈற்றிலேயே இறங்கியிருந்ததா? அக்கா தங்கைப் பசுக்களுக்கும் அப்படியா? இரண்டுக்கும் ஆம் என்றால், கிடேரியை வைத்துக்கொண்டு, அதன் சினைக்கு மடி ஏறி நிற்கும் வம்சத்துக் காளையாகக் கேளுங்கள்.

கிடேரிக்கு உண்மையான ஆபத்து வேறு. நோய்ப்பாலைக் கீழே கொட்டாமல் கன்றுக்கு வைக்கிறார்கள். அதைக் குடித்த வாயோடு கன்றுகள் ஒன்றன் காம்பை ஒன்று சப்பும். கிடேரி கன்று ஈனும் முன்பே காம்பு கெட்டுவிடலாம். நோய்ப்பாலைக் கொடுக்காதீர்கள், சப்பும் கன்றைத் தனியே கட்டுங்கள்.

தாய்க்கு, அடுத்த கன்று ஈன இரண்டு மாதம் இருக்கையில் கறவையை நிறுத்துங்கள். கடைசிக் கறவை முடிந்ததும் மருத்துவரைக் கொண்டு காம்புக்கு ஒன்றாக நான்கிலும் வற்றுக்கால (கறவை நிறுத்திய நாட்களுக்கான) மருந்துக் குழாய் ஏற்றுங்கள். கறக்கும் மாட்டுக்கு விடும் குழாய் இதற்கு ஆகாது. கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், உறையைப் படித்து வாங்குங்கள்.