ஜூலையில் இலங்கை போனால் மழையில் மாட்டிக்கொள்வோமா?

பள்ளி விடுமுறை இல்லை, ஜூலையில்தான் லீவு கிடைக்கும், மழையாமே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

நான் செங்கோட்டைக்காரன். ஜூன் மாதம் புளியரை தாண்டி மலையேறி கேரளப் பக்கம் ஆரியங்காவில் இறங்கினால் வைப்பரை நிறுத்தவே முடியாது. திரும்பி வந்தால் இந்தப் பக்கம் வெறும் சாரலும் காற்றும்தான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கும் கொட்டும். ஒரே மலை, இரண்டு மழைக்காலம். இலங்கையும் அப்படித்தான், நடுவில் மலைநாடு நிற்கிறது.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்கே கொழும்பு, தெற்கே காலி நகரம் என்று அந்தப் பக்கத்தை நனைக்கும். அப்போது கிழக்கே திருகோணமலை வெயிலில் காயும், கடலும் அமைதியாக இருக்கும். ஆகவே ஜூலை என்றால் கிழக்குக் கரை. கூடவே மின்னேரியா தேசியப் பூங்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ள பெரிய குளத்தில் நீர் வற்ற வற்ற, கரையில் முளைக்கும் புல்லுக்காக யானைகள் கூட்டம் கூட்டமாக வரும். கண்டி பெரஹரா என்ற யானை ஊர்வலத் திருவிழாவும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில்தான். ஆனால் அந்த நாட்களில் அறை வாடகை எகிறும்.

தெற்குக் கடற்கரைதான் வேண்டும் என்றால் டிசம்பர் முதல் மார்ச் வரை. அக்டோபர், நவம்பரை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன், அப்போது எந்தப் பக்கமும் மழை வரலாம். அப்புறம், மலை ஊரான நுவரெலியா போனால் எந்த மாதமானாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.