தட்டிப் பாருங்கள், அப்புறம் விலை கேளுங்கள்

பழைய ஊறுகாய் ஜாடி வாங்குவது பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னாலும் சொன்னேன், ஒரு மஞ்சப்பை நிறையக் கடிதம். பாதிப் பேர் கேள்வியே கேட்கவில்லை. அப்பத்தா வீட்டு ஜாடியை யார் உடைத்தார்கள், யார் மேல் பழி போட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ரசித்துப் படித்தேன். கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

அப்பத்தா வீட்டைப் பிரித்தபோது மேலே அரக்கும் கீழே வெள்ளையுமாக நாலு ஜாடிகள் கிடைத்தன. வியாபாரி “நூறு வருஷத்துச் சீனா ஜாடி” என்கிறார். ஆனால் ஒன்றுக்கு 300 ரூபாய்தான் தருவாராம். நம்பலாமா?
*வாசகி, சிவகங்கை*

நூறு வருஷம் என்றால் 300 ரூபாய் எதற்கு? 300 ரூபாய்தான் என்றால் நூறு வருஷம் எதற்கு? இரண்டில் ஒன்றை அவரே நம்பவில்லை.

இருப்புச்சட்டியைச் சீனச்சட்டி என்கிறோம். அதற்காக உங்கள் அடுப்பில் இருப்பது சீனாவிலிருந்தா வந்தது? ஜாடிக்கும் அப்படித்தான் பெயர் ஒட்டிக்கொண்டது. உங்கள் ஜாடியின் இரட்டை நிறத்துக்கு மூலம் இங்கிலாந்து. 1835 வாக்கில் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் பவல், ஈயம் சேர்க்காத ஒரு மெருகுப் பூச்சைக் கொண்டுவந்தார். பாண்டத்தையும் பூச்சையும் ஒரே சூளையில் ஒரே தடவையில் சுட்டுவிடலாம். கீழ்ப்பாதியை ஒரு பூச்சிலும், தலைகீழாகத் திருப்பி மேல்பாதியை இன்னொரு பூச்சிலும் முக்கி எடுத்தால் இரண்டு நிறம். ஜிஞ்சர் பீர் பாட்டில்கள் அந்த வேஷத்தில்தான் உலகம் சுற்றின. பிறகு நம் நாட்டுத் தொழிற்சாலைகளும் பிடித்துக்கொண்டன. உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவும் குஜராத்தின் தான்கட் பகுதியும் ஊறுகாய் ஜாடிக்குப் பெயர் போனவை.

ஜாடியைக் கவிழ்த்துங்கள். அடியில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் அது ஒரு துப்பு. இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்டு, மறு வருஷம் அமலுக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் ‘இங்கிலாந்து’ என்ற முத்திரை பரவலானது. எதுவுமே இல்லை என்றால் அது பழசு என்று அர்த்தமில்லை. முத்திரை குத்தாத புதுச் சரக்கும் நிறைய உண்டு.

நாலில் இரண்டை விற்றாலும் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். 600 ரூபாயில் அப்பத்தா திரும்பி வரமாட்டார்.

காரைக்குடியில் ஆளுயரத்தில் பாதி இருக்கும் பர்மா ஜாடி ஒன்று வாங்கினேன். மூன்று மாதமாக வெளிப்பக்கம் கோலமாவு தூவியதுபோல வெள்ளை பூக்கிறது. துடைத்தால் போகிறது, மறுபடி வருகிறது. பூஞ்சணமா?
*வாசகர், மதுரை*

கொஞ்சம் நாக்கில் வைத்துப் பாருங்கள் என்று சொல்ல ஆசை. வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்: அது பெரும்பாலும் உப்பு. எத்தனையோ வருஷம் உங்கள் ஜாடிக்குள் நார்த்தங்காயோ மாவடுவோ ஊறியிருக்கிறது. பூச்சில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால் உப்புத்தண்ணீர் அதன் வழியே ஜாடியின் உடம்புக்குள் இறங்கிவிடும். மழைக்காலத்தில் கரையும், வெயிலில் வெளியே வந்து படிகமாகும். அந்தப் படிகம் சும்மா இருக்காது. உள்ளிருந்து நெம்பி மெருகைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். துடைப்பதை நிறுத்துங்கள். நல்ல தண்ணீரில் முக்கி வைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். முங்குகிற அளவுக்கு அண்டா இல்லாவிட்டால் ஜாடிக்குள் நிரப்பி மாற்றுங்கள். பிறகு நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள்.

பர்மா என்று நீங்கள் எழுதியதால் ஒன்று. மர்த்தபான் பர்மாவின் பழைய துறைமுகம். அந்த வழியாகக் கப்பலேறிய பெரிய ஜாடிகளுக்கெல்லாம் அதுவே பெயராகிவிட்டது. சீனாவில், சயாமில் வனைந்தவைகூட ‘மர்த்தபான்’தான். 14-ஆம் நூற்றாண்டில் மொராக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா தனக்குக் கிடைத்த பரிசுகளில் இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய் உப்பில் போட்ட நாலு மர்த்தபான்களைக் குறிப்பிடுகிறார். ஹிந்தியில் இன்றும் ஊறுகாய் ஜாடிக்கு மர்த்தபான் என்றே பெயர். ஆனால் ஐராவதி ஆற்றங்கரையில் அதே மாதிரி ஜாடிகளை இன்றைக்கும் வனைகிறார்கள். உருவத்தை மட்டும் பார்த்து வயது சொல்லாதீர்கள்.

மூடி இல்லாத ஜாடி வாங்கலாமா?
*வாசகி, கும்பகோணம்*

தாராளமாக. ஜாடிக்கேத்த மூடி என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி. கடையில் ஜாடிக்கு ஏற்றது என்று காட்டுகிற மூடி பல சமயம் வேறு ஜாடியுடையது. வாயில் வைத்துச் சுற்றிப் பாருங்கள், ஆடினால் அதற்குத் தனி விலை கொடுக்காதீர்கள். வெள்ளைத் துணியில் வேடு கட்டினால் போதும், நம் பாட்டிகள் அப்படித்தான் கட்டினார்கள்.

வாங்கும்போது விரிசல், ஒட்டு இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பது?
*வாசகர், கோயம்புத்தூர்*

இதை நான் 850 ரூபாய் கொடுத்துக் கற்றேன். 1998-இல் ஒரு கடையில் (எந்த ஊர் என்று கேட்காதீர்கள்) தேன் நிறத்தில் ஒரு ஜாடி. கடைக்காரர் சொன்ன கதையில் ஒரு ஜமீனும் இருந்தது. வீட்டுக்கு வந்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகட்டும் என்று கொதிக்கும் தண்ணீரை ஊற்றினேன். ஜாடி கையில், அடிப்பாகம் தொட்டியில். யாரோ பசை போட்டு ஒட்டி, மேலே நிறம் பூசியிருக்கிறார்கள். முப்பத்து நாலு வருஷம் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள், பசை சூட்டில் இளகும் என்று தெரியாமலா இருந்தது? ஜமீன் கதை கேட்கும்போது பாடம் மறந்துவிட்டது. (ஒட்டில்லாத ஜாடியிலும் கொதிநீர் ஊற்றாதீர்கள். திடீர்ச் சூட்டில் அதுவே வெடிக்கும்.)

அதிலிருந்து என் முறை இது. ஜாடியைத் துணிமேல் நிறுத்தி, விரல் கணுவால் நாலு பக்கமும் தட்டுவேன். நல்ல ஜாடி ‘ணங்’ என்று இழுத்துப் பேசும். காரணம், 1200 டிகிரிக்கு மேல் வெந்த களிமண் கல்லாக இறுகிவிடுகிறது. ஸ்டோன்வேர் என்ற பெயரே அதனால்தான். விரிசல் இருந்தால் ‘டொக்’. அப்புறம் உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பேன். பிறகு கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு: மளிகைக்கடையில் இருக்குமே, அதில் சின்னது ஒன்று என் கைப்பையில் உண்டு. இருட்டில் அடித்தால் பசையும் புதுப் பூச்சும் பெரும்பாலும் ஜாடியிலிருந்து வேறுபட்டு ஒளிரும். இந்த விளக்கை எடுத்ததுமே சில கடைக்காரர்கள் விலையைக் குறைத்துவிடுவார்கள்.

கடைசியாக அடிவட்டம். வருஷக்கணக்கில் சிமெண்டுத் தரையில் இழுபட்ட ஜாடி, மேடான இடத்தில் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். சுற்றிலும் ஒரே சீராகக் கீறல் இருந்தால் உப்புத்தாள் வேலை. டிக்காஷனில் ஊறவைத்துப் பழுப்பேற்றுவதும் உண்டு.

இங்கே ஒரு வீட்டு விற்பனையில் சிவப்பு இறகுப் படமும் 5 என்ற எண்ணும் போட்ட பெரிய ஜாடி கிடைத்தது. 5 என்றால் ஐந்தாம் ரகமா?
*வாசகி, மினசோட்டா, அமெரிக்கா*

ரகமில்லை, கொள்ளளவு. ஐந்து காலன், கிட்டத்தட்ட 19 லிட்டர். உங்கள் மாநிலத்திலேயே ரெட் விங் என்ற ஊரில் பிறந்த ஜாடி. அங்கே இருந்த கம்பெனிகள் 1906-இல் ஒன்றுசேர்ந்தன. அதன் பிறகு வந்த அடையாளம் அந்த இறகு. 1967-இல் ஆலையை மூடிவிட்டார்கள். இறகு பெரிதாக இருந்தால் பொதுவாக முந்தையது. அந்த ஊர்க்காரர்கள் அதில் முட்டைக்கோஸை உப்பில் புளிக்கவைத்தார்கள், நீங்கள் மாங்காய் போட நினைப்பது எனக்குப் புரிகிறது. அடுத்த பதிலைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

பழைய ஜாடியில் ஊறுகாய் போட்டுச் சாப்பிடலாமா? ஈயம் கலந்திருக்கும் என்று மருமகள் பயமுறுத்துகிறாள்.
*வாசகி, நாகர்கோவில்*

மருமகள் பக்கம்தான் நான். ஸ்டோன்வேர் வேகும் சூட்டுக்கு ஈயப் பூச்சு தேவையில்லை. உப்பை எரியும் சூளைக்குள் வீசியே மெருகேற்றிய ஜாடிகள் உண்டு, தொட்டால் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரக்கும். ஆனால் குறைந்த சூட்டில் வெந்த மண்பாண்டத்துக்கு ஈயம் சேர்ந்த மெருகு பூசுவது பழைய வழக்கம். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஈயத்தை இழுப்பது புளிப்பு. நாம் போடுவதோ எலுமிச்சையும் மாங்காயும். ஆய்வகத்தில் நாலு சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றிவைத்து, எவ்வளவு ஈயம் இறங்கியது என்று அளந்து சொல்வார்கள். அது முடியாவிட்டால் உள்ளே கண்ணாடி பாட்டிலை வையுங்கள், அல்லது குடை செருகுங்கள். என் வீட்டில் ஒன்றில் குடை, இரண்டில் பழைய நாளிதழ்.

மகன் லண்டனில் இருக்கிறான். குடும்ப ஜாடியை அனுப்பலாமா?
*வாசகர், தேவகோட்டை*

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலை, கைவினைப் பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதைவிட இளையது என்றால் இந்தியத் தொல்லியல் துறையில் காட்டி, தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் ஜாடியைப் பிடித்துக்கொண்டு வாதாடும் வேலை மிச்சம். சான்றிதழ் கிடைத்தாலும் பெட்டியில் போடாதீர்கள், மடியில் வைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.