கடல் புழுக்களின் லார்வாக்கள் தண்ணீரில் எப்படி மிதக்கின்றன?

நீங்கள் விலங்கியல் மாணவர், தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் ஒன்று: அவை சும்மா மிதப்பதில்லை. ஓயாமல் நீந்துவதால்தான் மேலே இருக்கின்றன. நிறுத்தினால் மெல்ல மூழ்கிவிடும்.

எங்கள் கல்லூரியில் இதை யாரும் சொல்லித்தரவில்லை. டிரோக்கோஃபோர் (இந்தப் புழு லார்வாக்களின் ஆரம்ப வடிவம்) என்றால் சாயம் ஏற்றிய பழைய ஸ்லைடு, படம் வரை, பாகம் குறி, ஐந்து மதிப்பெண். இத்தனைக்கும் பேருந்தில் ஏறினால் கடல். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து காட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த ஆதங்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் உயிரோடு பார்த்தேன். கழிமுகத்தில் வலை இழுத்துக் கொண்டுவந்த நீரில் ஒரு டிரோக்கோஃபோர், தன்னைத்தானே சுற்றிக்கொண்டு திருகுப் பாதையில் போனது. அதன் இடுப்பைச் சுற்றி சிலியாக்கள், அதாவது அசையும் நுண்ணிய மயிரிழைகள், ஒரு பட்டையாக இருக்கும். கொஞ்சம் கார்மைன் என்ற சிவப்புச் சாயத்தூள் போட்டதும், துகள்கள் முன்பக்கமிருந்து பட்டையை நோக்கி இழுபட்டுப் பின்னால் தள்ளப்படுவது தெரிந்தது. சிலியாக்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அடிப்பதில்லை. ஒன்று அடித்த மறுகணம் பக்கத்திலிருப்பது அடிக்கும், அந்த அலை பட்டையைச் சுற்றி ஓடும். திடீரென்று அத்தனையும் நின்றன. உடலும் அந்தக் கணமே நின்றது, ஒரு மயிரிழை கூட வழுக்கிப் போகவில்லை. அவ்வளவு சின்ன உடலுக்குத் தண்ணீரே வெல்லப்பாகு மாதிரிதான். அப்புறம் மெல்ல இறங்கி ஃபோகஸை விட்டு மறைந்தது.

வெளிச்சத்தை நோக்கி அவை எப்படித் திரும்புகின்றன என்பதை பிளாட்டினெரீஸ் டுமெரிலி என்ற புழுவில் காஸ்பர் ஜெகெலி குழுவினர் 2008இல் காட்டினார்கள். கண்புள்ளியில் ஒளியை உணரும் செல் ஒன்றுதான். அதன் நரம்பு நேராகப் பக்கத்துச் சிலியாக்களுக்கே போகிறது. வெளிச்சம் பட்டால் அந்தப் பக்கத்து அடிப்பு மட்டும் தளரும், உடல் அங்கே திரும்பும். அதே புழுவின் லார்வாவில் இரவில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து, சிலியாக்கள் அடிக்கடி நின்று போகும் என்பது 2014இல் வந்த ஆய்வு. அப்படி நிற்கும்போதெல்லாம் லார்வா மெல்லக் கீழே இறங்கும்.

மிதவை உயிரி என்றாலே நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போவதுதானே என்று சிலர் சொல்வார்கள். பக்கவாட்டில் அது சரிதான். நொடிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தை வைத்துக்கொண்டு நீரோட்டத்தை எதிர்க்க முடியாது. ஆனால் மேலே போவதா கீழே இறங்குவதா என்பது லார்வாவின் கையில் இருக்கிறது. ஆழத்துக்கு ஆழம் நீரோட்டம் மாறுவதால், போய்ச் சேரும் இடமும் அதனால் மாறும். சில இனங்களில் எண்ணெய்த் துளிகள் கொஞ்சம் உதவும், ஸ்பயோனிட் என்ற புழுக் குடும்பத்து லார்வாக்களின் நீள முட்கள் மூழ்குவதைத் தாமதப்படுத்தும். இவற்றை நான் மறுக்கவில்லை. முக்கிய உழைப்பு சிலியாவுடையது என்கிறேன், அவ்வளவுதான்.

முடிந்தால் நேரில் பாருங்கள். புதிதாக எடுத்த கடல்நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, இருட்டறையில் ஒரு பக்கம் மட்டும் விளக்கு வையுங்கள். கொஞ்ச நேரம் கழித்து வெளிச்சப் பக்கத்திலிருந்து ஒரு சொட்டு எடுங்கள். உங்கள் துறையின் மைக்ரோஸ்கோப் அலமாரியில் பூட்டிக் கிடந்தால், தயங்காமல் ஆசிரியரிடம் சாவி கேளுங்கள்.