அந்த 0.150 எங்கே போனது?

கேள்வி: ரியோ ஒலிம்பிக்கில் நம் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர், விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே செய்த ‘புரொடுனோவா’ என்ற கடினமான தாவலைச் செய்து காட்டியும் நான்காம் இடம்தான் கொடுத்தார்கள். சுவிஸ் பெண்ணுக்கு வெண்கலம் கொடுக்க நடுவர்கள் செய்த சதி என்று எங்கள் டீக்கடையில் இன்றும் பேச்சு. ஒலிம்பிக் வந்தால் மட்டும் ஜிம்னாஸ்டிக்ஸ் பார்க்கிற எங்களுக்கு மார்க் கணக்கும் புரியவில்லை. அது சதிதானே?
– வாசகர், பர்கூர்

பதில்: இல்லை. அன்றைய மார்க் எல்லாம் பதிவில் இருக்கிறது, நீங்களே கூட்டிப் பார்க்கலாம்.

தீபா கலந்துகொண்டது வால்ட், அதாவது ஓடிவந்து மேசை போன்ற ஒன்றில் கையூன்றித் தாவும் போட்டி. அதன் இறுதிச் சுற்றில் ஒவ்வொருவரும் இரண்டு முறை தாவ வேண்டும். இரண்டின் சராசரிதான் முடிவு. ஒவ்வொரு தாவலுக்கும் இரண்டு மார்க் உண்டு: எடுத்துக்கொண்ட வித்தை எவ்வளவு கடினம் என்பதற்கு ஒன்று, அதை எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்று 10-லிருந்து கழித்துக்கொண்டே வருவது இன்னொன்று. தீபாவின் புரொடுனோவாவுக்குக் கடினத்துக்காக மட்டும் 7.0 கிடைத்தது. அன்று தங்கம் வாங்கிய சிமோன் பைல்ஸின் தாவல்களுக்குக்கூட 6.4, 6.3தான். ஓரவஞ்சனை செய்கிறவர்கள் இங்கேயே கை வைத்திருக்க மாட்டார்களா?

மார்க் போனது தரை இறங்கியபோது. அந்த வீடியோவின் கடைசி நொடியை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். கையை ஊன்றி எழும்பி, காற்றில் முன்பக்கமாக இரண்டு பல்டி. இப்படிச் சுற்றும்போது கடைசி வரை தரை சரியாகக் கண்ணில் படாது. கால்கள் பதிந்துவிட்டன, ஆனால் வந்த வேகம் அவரை அமுக்கி, இடுப்பு மெத்தையை உரசும் அளவுக்கு உட்கார வைத்தது. அங்கிருந்து எழுந்து நின்றார். சுத்தத்துக்கு 8.266. அதே இறுதிப் போட்டியில் 41 வயது ஒக்சானா சுசோவிதினாவும் இதே வித்தையை முயன்றார். இறங்கிய வேகத்தில் உருண்டுவிட்டார், ஏழாம் இடம்.

தீபாவின் சராசரி 15.066, வெண்கலம் வாங்கிய ஜூலியா ஸ்டெய்ன்க்ரூபருக்கு 15.216. இடைவெளி 0.150. சராசரி என்பதால், இரண்டில் ஏதாவது ஒரு தாவலில் 0.3 கூடுதலாக வந்திருந்தால் சமன். இறங்கும்போது கால் பெரிய எட்டாக நகர்ந்தால் கழிப்பதும் அதே 0.3தான். உங்கள் பக்கத்து எருது விடும் விழாவில் நொடியின் பின்னத்தில் பரிசு கைமாறுவதைப் பார்த்தவர்தானே நீங்கள்? அங்கே சதி என்று யாரும் சொல்வதில்லை.

சதி என்று பேசிக்கொண்டே இருந்தால் அந்தப் பெண் எடுத்த ரிஸ்க் யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்பதுதான் என் வருத்தம். அகர்தலாவில், பழைய ஸ்கூட்டர் பாகங்களைக் கொண்டு செய்த பலகையில் பழகத் தொடங்கியவர் அவர்.

ஒலிம்பிக்குக்கு ஒலிம்பிக் பார்ப்பதில் தப்பே இல்லை. விதிப் புத்தகமும் வேண்டாம். காற்றில் முழங்கால் பிரிகிறதா, இறங்கும்போது பாதம் நகர்கிறதா என்று மட்டும் பாருங்கள். சின்ன எட்டுக்கு 0.1, விழுந்தால் முழுதாக 1 மார்க் போகும். அப்புறம் திரையில் வரும் மொத்தத்தை மட்டும் பார்க்காமல், கடினம், சுத்தம் இரண்டையும் தனித்தனியாகப் படியுங்கள். விழுந்தவர் ஏன் முன்னால் நிற்கிறார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சரி, நானும் ஒன்று கேட்கிறேன். 2024 மே மாதம் தாஷ்கண்டில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில், முழங்கால் அறுவை சிகிச்சை, ஊக்கமருந்துத் தடை எல்லாவற்றையும் தாண்டி வந்து, 30 வயதில் அதே வால்ட்டில் தீபா தங்கம் வாங்கினார். ஆசிய சாம்பியன்ஷிப் வரலாற்றிலேயே ஜிம்னாஸ்டிக்ஸில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அக்டோபரில் ஓய்வும் அறிவித்துவிட்டார். உங்கள் டீக்கடையில் இதை யாராவது பேசினீர்களா?