வாடகை வீடு: புரோக்கர் எதற்கு, எதுவரை? வாசகர் கேள்வி பதில்

நங்கநல்லூரில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை ஃப்ளாட் இருக்கிறது. பெங்களூரில் மகளோடு போய் இருக்கப் போகிறோம். வாடகைக்கு ஆள் பிடித்துத் தர புரோக்கர் ஒரு மாத வாடகை கேட்கிறார். "கேட்டில் டூ-லெட் போர்டு மாட்டினால் ஆள் வராதா, எதற்குத் தண்டம்?" என்கிறார் என் கணவர். என்ன செய்யலாம்?
- வாசகி, நங்கநல்லூர்

நீங்கள் உள்ளூரிலேயே இருந்தால் உங்கள் கணவர் கட்சிதான் நாங்களும். பெங்களூரில் இருந்துகொண்டு போர்டு மாட்டினால், வீடு பார்க்க வருகிறவருக்குக் கதவைத் திறந்துவிட யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு ஒருவர், மாலை 5 மணிக்கு இன்னொருவர் என்று வருவார்கள். இரண்டு தடவை பூட்டைப் பார்த்துத் திரும்பியவர் மூன்றாம் தடவை வரமாட்டார். புரோக்கருக்குக் கொடுப்பது முதலில் இந்த நடைக்குத்தான்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். வாடகை 24,000, மெயின்டனன்ஸ் 3,000 என்று வைத்துக்கொள்வோம். வீடு பூட்டிக் கிடந்தாலும் அசோசியேஷனுக்கு 3,000 கட்டியே ஆக வேண்டும். ஆக, ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 27,000 போச்சு. புரோக்கர் கேட்பது 24,000. உங்களால் இரண்டு மாதத்தில் முடிகிற வேலையை அவர் ஒரே மாதத்தில் முடித்தாலே அவர் கூலி வந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய நஷ்டம் வாடகையைக் கூட்டிச் சொல்வதில் வரும். "எதிர் ஃப்ளாட் 26,000 போகுது" என்று நீங்களும் பிடிவாதம் பிடித்தால், 11 மாதத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது 22,000. அதற்காக ஒரு மாதம் காத்திருந்தாலே 27,000 கைவிட்டுப் போகிறது. உங்கள் தெருவில் போன மாதம் உண்மையில் என்ன வாடகைக்கு முடிந்தது என்பது அந்தப் பகுதி புரோக்கருக்குத் தெரியும். இணையத்தில் இருப்பது வீட்டுக்காரர்கள் கேட்கிற தொகை, முடிந்த தொகை அல்ல.

நாள் கிழமையும் இதில் உண்டு. பள்ளிக்கூடக் கணக்கு பார்க்கிற குடும்பங்கள் ஏப்ரல் முதல் ஜூன் வரை வீடு மாறும். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச யாரும் வரமாட்டார்கள். ஜூலை முதல் வாரத்துக்குள் முடியாத வீடு பெரும்பாலும் ஆவணிக்குத்தான். நீங்கள் கிளம்புவது ஜூன் கடைசி என்றால் மே மாதமே, நீங்கள் குடியிருக்கும்போதே, வீட்டைக் காட்டத் தொடங்கிவிடுங்கள்.

காலி வீட்டைச் சும்மா பூட்டிப் போடுவதிலும் செலவு இருக்கிறது. குளியலறைத் தரை வடிகாலின் அடியில், எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவான டிராப்பில் தண்ணீர் சில வாரங்களில் வற்றிவிடும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுத்துக்கொண்டிருந்தது. அடுத்து பால்கனி. புறா எச்சமும் சருகும் சேர்ந்து வடிகால் ஓட்டையை அடைத்திருக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் தண்ணீர் நேராக ஹாலுக்குள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை யாராவது உள்ளே போய் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றி, குழாய்களைத் திறந்து மூடி, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். புரோக்கரோ வாட்ச்மேனோ, இதை யார் செய்வது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

பேச வேண்டியது இன்னும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி அவரிடம் "சரி" வாங்கிக்கொள்ளுங்கள். கமிஷன் எவ்வளவு? ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் தருவேன்; டோக்கன் கைமாறியதுமே தரமாட்டேன். குடிவந்தவர் ஆறு மாதத்துக்குள் காலி செய்தால் அடுத்த ஆளைக் கமிஷன் இல்லாமல் பிடித்துத் தர வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது மறுபடி கமிஷன் கிடையாது. கடைசியாகச் சொன்னதைப் பேசாமல் விட்டால், பதினோராவது மாதம் "அரை மாசம் குடுங்க சார்" என்று போன் வரும். டோக்கனும் அட்வான்ஸும் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும்.

குடிவருகிறவரைப் பற்றி விசாரிக்கிற வேலையை மட்டும் புரோக்கரிடம் விடாதீர்கள். வீடு முடிந்தால்தான் அவருக்குக் காசு, அதுவும் பல சமயம் இரண்டு பக்கமும். ஆதார், அலுவலக அடையாள அட்டை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை அவர் வாங்கி அனுப்பட்டும். முன்பு குடியிருந்த வீட்டின் உரிமையாளரிடம் நீங்களே போனில் பேசுங்கள். "வாடகை எந்தத் தேதிக்கு வரும், ஏன் காலி செய்தார்கள்?" என்ற இரண்டு கேள்வியே போதும். வாடகைதாரர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குவதைப் புரோக்கர் செய்து தரலாம்.

நான் துபாயில் இருக்கிறேன். சோழிங்கநல்லூரில் உள்ள என் ஃப்ளாட்டை ஒரு நிறுவனம் மூன்று வருடத்துக்கு எடுத்துக்கொள்வதாகவும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 30,000 தருவதாகவும் சொல்கிறது. மற்றவர்கள் சொல்லும் வாடகை 26,000தான். ஒரு பவர் (என் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) மட்டும் கொடுத்தால் போதுமாம். நல்லதுதானே?
- வாசகர், துபாய்

சந்தையில் 26,000 போகிற வீட்டுக்கு 30,000 தருகிறவர் அந்த 4,000-ஐ எங்கிருந்து எடுக்கிறார்? இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சென்னையில் இந்த மோசடி நடக்கும் விதம் இது. நிறுவனம் உங்களோடு தன் பெயரில் வாடகை ஒப்பந்தம் போடும். உள்வாடகைக்கு விடும் உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்ளும். பிறகு அதே வீட்டை வேறொரு குடும்பத்துக்கு 'லீஸ்' என்று விடும். 8 லட்சமோ 10 லட்சமோ மொத்தமாக வாங்கிக்கொண்டு, "மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்" என்று சொல்லும். அந்தப் பணத்தில் இருந்துதான் உங்களுக்கு மாதம் 30,000 வரும். புது ஆட்களிடம் லீஸ் பணம் வாங்குவது நின்றால் உங்கள் வாடகையும் நிற்கும். அலுவலகம் பூட்டியிருக்கும். வீட்டுக்குள் இருக்கிற குடும்பமோ "எங்கள் 8 லட்சம் வராமல் நகரமாட்டோம்" என்று நிற்கும். அவர்கள் மேலும் தப்பில்லை என்பதுதான் இதில் கொடுமை. சந்தையை மீறிய வாடகை, நீண்ட ஒப்பந்தம், குடியிருப்பவரோடு நீங்கள் பேசக்கூடாது என்ற நிபந்தனை மூன்றும் சேர்ந்து வந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

தூரத்தில் இருப்பவருக்கு ஆள் வேண்டும்தான். மாத வாடகையில் 5 முதல் 10 சதவீதம் வாங்கிக்கொண்டு வீட்டைப் பராமரித்துத் தரும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். 26,000-க்கு 8 சதவீதம் என்றால் மாதம் 2,080. வாடகை வரவில்லை என்றால் கேட்பது, பழுது பார்ப்பது, அசோசியேஷன் கூட்டத்தில் என்ன முடிவானது என்று சொல்வது, ஆண்டுக்கு இரண்டு முறை சொத்து வரி நினைவூட்டுவது எல்லாம் இதில் அடங்கும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமே 'சொத்து மேலாளர்' என்று ஒருவரை ஏற்றுக்கொள்கிறது. வாடகை வாங்கி ரசீது தருவது, அவசியமான பழுது பார்ப்பது, வீட்டைப் பார்வையிடுவது, நோட்டீஸ் கொடுப்பது ஆகியவை அவர் வேலை. ஆனால் ஒப்பந்தம் உங்களுக்கும் குடியிருப்பவருக்கும் இடையில் நேரடியாக இருக்க வேண்டும். உங்கள் பெயரில் கையெழுத்துப் போட மட்டும் ஒருவர் வேண்டும். வாடகை உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கே (வெளிநாடுவாழ் இந்தியர் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு) வரட்டும், ஏஜென்ட் கட்டணத்தைத் தனியாக அனுப்புங்கள்.

பவர் கொடுப்பதானால் ஏஜென்ட்டுக்கு வேண்டாம். அண்ணனோ மைத்துனரோ, உறவில் ஒருவருக்குக் கொடுங்கள். இந்த ஒரு ஃப்ளாட்டுக்கு, வாடகை ஒப்பந்தம் போடவும் அதைப் பதிவு செய்யவும் மட்டும் என்று குறிப்பிட்ட ஸ்பெஷல் பவராக இருக்கட்டும். விற்பது, அடமானம் வைப்பது என்ற சொற்களே அதில் வரக்கூடாது. துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினால், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

வரியில் ஒரு சிக்கல்: வெளிநாடுவாழ் இந்தியருக்கு வாடகை கொடுப்பவர் 30 சதவீதம் வரியும், அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ்ஸும் (கூடுதல் வரி) பிடித்துக் கட்ட வேண்டும். வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இது உண்டு. 26,000-க்கு 8,112 ரூபாய். முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் முதல் மாதமே சண்டை வரும். உங்களுக்கு அவ்வளவு வரி வராது என்றால் வருமான வரித் துறையிடம் குறைந்த விகிதச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம்.

வாடகை புரோக்கருக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருக்க வேண்டுமா?
- வாசகர், போரூர்

வேண்டாம். ரெரா பதிவு, பதிவுபெற்ற திட்டங்களில் மனை, ஃப்ளாட் விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட்டுகளுக்கானது. வாடகைக்கு ஆள் பிடித்துத் தருகிறவர் அதில் வரமாட்டார். ஆகவே எண் இல்லை என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம், எண் காட்டினார் என்பதற்காக நம்பிவிடவும் வேண்டாம். அதே பகுதியில் அவர் மூலமாக வீடு விட்ட இரண்டு வீட்டுக்காரர்களிடம் விசாரிப்பது மேல்.

ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் கமிஷனை வருமான வரியில் கழிக்க முடியுமா?
- வாசகி, அண்ணாநகர்

முடியாது. வாடகை வருமானத்தில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தை மொத்தமாகக் கழித்துக்கொள்ளலாம். பழுது, கமிஷன், பெயின்ட் எல்லாம் அந்த 30-க்குள்தான். வீட்டுக்கடன் வட்டி மட்டும் தனி.

கீசர் ரிப்பேர், ஸ்விட்ச் மாற்றியது, பைப் வேலை என்று ஏஜென்ட் மாதா மாதம் பில் அனுப்புகிறார். எல்லாம் நான்தான் கொடுக்க வேண்டுமா? குடியிருந்தவர்கள் அடுத்த மாதம் காலி செய்கிறார்கள். அப்போது எதைப் பார்க்க வேண்டும்?
- வாசகர், வேளச்சேரி

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான். எழுதவில்லை என்றால் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. கட்டட பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், பைப் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய், வாஷர், கீசர், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. உங்கள் பில்களில் பைப் தவிர மற்றவை உங்களுடையவை அல்ல. இனிமேல் 2,000 ரூபாய்க்கு மேல் போகும் எந்த வேலைக்கும் முன்கூட்டி படத்தோடு கேட்க வேண்டும் என்று ஏஜென்ட்டிடம் சொல்லிவிடுங்கள். ஒப்பந்தப்படி கீசர் உங்கள் பொறுப்பு என்றால் ஒன்று: தண்ணீர் உப்பாக இருந்தால் கீசர் காயில் அடிக்கடி போகும்; பழைய காயிலைக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளையாகப் பாறைபோல் உப்புப் படிந்திருந்தால் பில் உண்மை.

காலி செய்யும்போது ஆளைப் பிடித்துத் தந்த புரோக்கர் வரமாட்டார், அது அவர் வேலையும் இல்லை. மாதக் கட்டணம் வாங்கும் ஏஜென்ட் வந்தே ஆக வேண்டும். குடிவைத்த அன்று எடுத்த வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக ஒப்பிடச் சொல்லுங்கள்: ஃபேன்கள், எக்ஸாஸ்ட், சாவிகளின் எண்ணிக்கை, சமையல் மேடைக்கு அடியில் ஈரம். எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்து ஐந்து நிமிடம் விட்டால் எந்த வடிகால் அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பது ஊர் வழக்கமாக இருக்கலாம், ஆனால் ஒப்பந்தத்தில் எழுதாமல் பிடித்தால் கேள்வி வரும். கழிக்க வேண்டியதைக் கழித்து மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம்.

ஈ.பி. கணக்கை மறக்காதீர்கள். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் பாக்கியும் உங்கள் தலையில்தான். காலி செய்யும் நாளில் மீட்டரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் என்பதால், நடுவில் போகிறவருக்கு யூனிட்டை ஏதோ ஒரு விலையால் பெருக்கினால் கணக்கு உதைக்கும். ஒரு சிறு தொகையை நிறுத்தி வைத்து, முழு பில் வந்த பிறகு அவர் ஓட்டிய யூனிட் விகிதத்தில் பிரித்து, மீதியை ஜி.பே.யில் அனுப்பிவிடுங்கள்.