நோட்டேஷன் தாளில் வரிக்கு வரி எவ்வளவு இடம் விடுவது? கேள்வி பதில்

ராயபுரத்தில் ஒரு பாடகர் குழுவுக்குப் பல வருஷமாகக் கணினியில் நோட்டேஷன் அடித்துக் கொடுக்கிறேன். லில்லிபாண்ட், மியூஸ்கோர் என்ற இரண்டு நோட்டேஷன் மென்பொருளிலும் வேலை செய்வேன். மேலிருந்து கீழே விடும் இடைவெளியில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்குப் பதில் கீழே.

தண்டையார்பேட்டை, கொயரில் பாடும் சகோதரி: அண்ணா, இரண்டு சரணத்தையும் நோட்டுக்குக் கீழே தமிழில் போட்டேன். ஜெராக்ஸ் எடுத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. இங்கிலீஷ் பாட்டுக்கு இப்படி ஆவதில்லையே?

இதைத்தான் முதலில் எடுக்கவேண்டும், நம் பக்கத்தில் எல்லாரையும் படுத்தும் சிக்கல் இது. இங்கிலீஷில் கீழே இறங்கும் எழுத்து நாலைந்துதான். தமிழில் கூ, தூ, நூ, ழு எல்லாம் கீழே வாலை விடும். மேலே புள்ளி ஏறும், கீ, மீ சுழி ஏறும். லில்லிபாண்டில் இரண்டு சரண வரிகளுக்கு நடுவே குறைந்தது 2.8 அலகு, மேல் வரி எழுத்துக்கும் கீழ் வரி எழுத்துக்கும் நடுவே 0.2 அலகு என்று வைத்திருக்கிறார்கள் (அலகு என்றால் என்ன என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்). வழக்கமான அளவுத் தாளில் அந்த 0.2 என்பது 0.35 மில்லிமீட்டர். திரையில் தெளிவாகத் தெரியும். ஜெராக்ஸ் மெஷினில் மை கொஞ்சம் பரவினால் போச்சு.

எங்கள் குழுவிலேயே நடந்தது. முதல் சரணத்தின் 'தூ' வால், நேர் கீழே இருந்த 'கண்' மேல் வந்து உட்கார்ந்தது. புள்ளி வாலோடு கலந்துவிட்டது. ஆல்ட்டோ பாடுகிறவர்கள் அதைக் 'கண' என்றே பாடினார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை, தாளில் அப்படித்தான் இருந்தது.

லிரிக்ஸ் பகுதியில் 'நான்ஸ்டாஃப்-நான்ஸ்டாஃப்-ஸ்பேசிங்' என்ற அமைப்பைத் தேடி, மினிமம் டிஸ்டன்ஸை 3.4, பேடிங்கை 0.5 என்று மாற்றுங்கள். எனக்குச் சரியாக வரும் அளவு அது. உங்கள் எழுத்துருவுக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். மியூஸ்கோரில் ஃபார்மட், ஸ்டைல், லிரிக்ஸ் என்று போனால் லைன் ஹைட் இருக்கும். 100ஐ 125 ஆக்கிப் பாருங்கள்.

பெரம்பூர், ஆர்கன் வாசிப்பவர்: சிஸ்டத்துக்கு நடுவே 12 என்று இருக்கிறது. பன்னிரண்டு என்ன? ஸ்கேல் வைத்து அளந்தால் எதுவுமே ஒத்துவரவில்லை.

சிஸ்டம் என்பது ஒன்றாகச் சேர்ந்து பாடும் ஸ்டாஃப்கள் அடங்கிய ஒரு முழு வரி. அலகு என்பது ஸ்டாஃப் ஸ்பேஸ், அதாவது ஸ்டாஃபின் ஐந்து கோட்டில் அடுத்தடுத்த இரண்டு கோட்டுக்கு நடுவில் உள்ள இடம். லில்லிபாண்டின் வழக்கமான ஸ்டாஃப் 20 பாயிண்ட் உயரம், கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர். அதில் நாலில் ஒரு பங்கு 1.76 மில்லிமீட்டர். பன்னிரண்டு அலகு என்றால் 21 மில்லிமீட்டர்.

நீங்கள் அளந்தபோது அது கிடைக்காததற்குக் காரணம் உண்டு. மேல் சிஸ்டத்தின் கடைசி ஸ்டாஃபில் நடுக்கோட்டில் தொடங்கி, கீழ் சிஸ்டத்தின் முதல் ஸ்டாஃப் நடுக்கோடு வரை கணக்கு. கண்ணுக்குத் தெரியும் வெற்றிடத்தை நீங்கள் அளந்திருப்பீர்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு அலகு ஸ்டாஃபுக்குள்ளேயே போய்விடும். மீதி எட்டு அலகு, 14 மில்லிமீட்டர். இப்போது அளந்து பாருங்கள், பக்கம் இழுபடாமல் இருந்தால் சரியாக வரும்.

கூடவே மூன்று எண் இருக்கும். மினிமம் டிஸ்டன்ஸ் 8: எவ்வளவு நெருக்கினாலும் இதற்குக் கீழே போகாது. பேடிங் 1: மேல் சிஸ்டத்திலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் எதற்கும் கீழ் சிஸ்டத்திலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் எதற்கும் நடுவே விடவேண்டிய வெற்றிடம். ஸ்ட்ரெச்சபிலிட்டி 60: பக்கத்தை நிரப்ப எவ்வளவு தாராளமாக இழுபடும் என்பது. பூஜ்யம் வைத்தால் இழுபடாது. பேடிங்கை மட்டும் கூட்டிவிட்டு 'ஒன்றும் நகரவில்லை' என்று பலர் சொல்வார்கள். நடுவே ஏற்கெனவே போதுமான வெற்றிடம் இருந்தால் அது நகராது.

வியாசர்பாடி, கிடார் தம்பி: அண்ணா, மியூஸ்கோரில் ஒவ்வொரு வரியிலும் ஸ்பேசர் போட்டு அழகாக வைத்தேன். நடுவே நாலு பார் சேர்த்ததும் எல்லாம் கலைந்துவிட்டது.

ஸ்பேசர் என்பது வரிகளைத் தள்ளி வைக்கும் குறி. அது வரியோடு ஒட்டாது தம்பி, பாரோடுதான் (தாளக் கட்டத்தோடுதான்) ஒட்டும். பார் அடுத்த வரிக்குப் போனால் அதுவும் கூடவே போகும். ஒரே வரியில் இரண்டு ஸ்பேசர், அடுத்ததில் ஒன்றுமில்லை என்று ஆகியிருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிடு. ஃபார்மட், ஸ்டைல், பேஜ் போ. அங்கே சிஸ்டத்துக்கு நடுவே குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டும் இருக்கிறது. 3.6 பதிப்பிலிருந்து பக்கத்தைத் தானே நிரப்பவும் தெரியும். பாட்டு முழுசாக முடிந்த பிறகு, எங்கேயாவது ஒரு இடம் உறுத்தினால் அங்கே மட்டும் ஸ்பேசர் போடு.

கொளத்தூர், கீபோர்டு டீச்சர்: மூன்றாவது சிஸ்டத்துக்கு மேல் மட்டும் பெரிய இடைவெளி. ஏன்?

அங்கே ஏதோ ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது டீச்சர். துணைக்கோடு போட்ட உயர்ந்த சுரம், நீளமான ஸ்லர் (சுரங்களை இணைக்கும் வளைகோடு), டெம்போ எழுத்து, ஏதாவது ஒன்று. லில்லிபாண்டில் பேப்பர் பகுதியில் 'அனொட்டேட்-ஸ்பேசிங்' என்பதை ஆன் செய்தால் எது எவ்வளவு இடம் கேட்கிறது என்று அம்புக்குறி போட்டே காட்டும். கண்டுபிடித்த பிறகு அதை 'எக்ஸ்ட்ரா-ஆஃப்செட்' வைத்து நகர்த்தாதீர்கள். அது எல்லாக் கணக்கும் முடிந்த பிறகு எழுத்தை மட்டும் தள்ளும். இடைவெளி அப்படியே நிற்கும்.

அதே டீச்சர்: ஒரு பக்கப் பாட்டு, கீழே கால் பக்கம் காலி.

கடைசிப் பக்கத்தை இழுக்காமல் விடுவதுதான் லில்லிபாண்டின் வழக்கம். ஒரே பக்கம் என்றால் அதுவே கடைசிப் பக்கம். 'ராகட்-லாஸ்ட்-பாட்டம்' என்பதை ஆஃப் செய்யுங்கள், நிரம்பிவிடும்.

புளியந்தோப்பு, பேண்ட் செட்டில் ட்ரம்பெட்: சின்ன அட்டையில் அடங்கவேண்டும். எல்லா எண்ணையும் குறைக்கணுமா?

எதையும் தொடவேண்டாம். ஸ்டாஃப் அளவை மட்டும் 20லிருந்து 16 ஆக்குங்கள். அலகே சின்னதாகிவிடுவதால் அந்த 21 மில்லிமீட்டர் தானாக 17க்கு இறங்கும். 16க்குக் கீழே போகவேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ராத்திரி தெரு விளக்கில், நடந்துகொண்டே படிக்கிறவர்கள். ஒரு அட்டை கூடினாலும் பரவாயில்லை.

திருவொற்றியூர், ஞாயிறு பள்ளி ஆசிரியர்: பழைய கீர்த்தனை, ஆறு சரணம். எல்லாம் நோட்டுக்குக் கீழே வேண்டும் என்கிறார்கள்.

மூன்றோடு நிறுத்துங்கள். நாலாவது சரணம் படிக்கிறவர் கண் ஒவ்வொரு சுரத்துக்கும் ஏறி இறங்கவேண்டியிருக்கிறது. ஆறாவதில் சுரம் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம்தான். மீதி மூன்றையும் ஸ்கோர் முடிந்த பிறகு தனிப் பத்தியாக அச்சடியுங்கள். மெட்டு அதற்குள் மனப்பாடமாகிவிடும்.

பழைய வண்ணாரப்பேட்டை, டெனர்: இரண்டு மென்பொருளுக்கும் காசு உண்டா?

இல்லை. இரண்டும் இலவசம்.

தண்டையார்பேட்டை சகோதரி மறுபடியும்: நீங்கள் சொன்ன 3.4 வைத்தேன், திரையில் அருமை. கடையில் அச்சடித்தால் மறுபடி நெருக்கமாகத் தெரிகிறது.

கடைக்காரர் 'ஃபிட்' என்று வைத்து அச்சடித்திருப்பார். பக்கம் மொத்தமாகச் சுருங்கும், இடைவெளியும் சேர்ந்து சுருங்கும். தாளில் ஒரு ஸ்டாஃபின் உயரத்தை ஸ்கேலால் அளங்கள். 7 மில்லிமீட்டருக்கு 6 சொச்சம் வந்தால் அதுதான் காரணம். 'ஆக்சுவல் சைஸ்' போடச் சொல்லுங்கள். அப்போது கடைசி வரி வெட்டுப்பட்டால், லில்லிபாண்டில் பாட்டம் மார்ஜினை 15 மில்லிமீட்டர் ஆக்கி எனக்கு ஃபைலை அனுப்புங்கள், சனிக்கிழமை பிராக்டிஸுக்குள் பார்த்துத் தருகிறேன்.